மரை போட்ட குழலும் எங்கட ஊர்ச் சத்தமும்

பெருநாள் இரவில் கல்முனை பிரதான வீதியில் நின்றால் ‘சைலன்சர்’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பைக்கின் பின்பக்கத்துப் புகைக்குழாய். அதைக் கழற்றி, உள்ளே இருக்கிறதை வெட்டி எறிந்துவிட்டு, சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் தூங்குகிற பிள்ளைகளை எல்லாம் எழுப்பிக்கொண்டு போகிற தம்பிமாரைத் திட்டாத மூத்தம்மா இந்தக் கரையில் இல்லை. சத்தத்தை அடக்கப் பூட்டின சாமானை, சத்தம் வர வேண்டும் என்றே கழற்றுகிற ஊர் எங்கட ஊர்.

அதே தம்பிமாருக்கு இன்னொரு சைலன்சரும் தெரியும். பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் துப்பாக்கி முனையில் பூட்டுகிற சின்னக் குழாய். பப்ஜியில் அதைப் பூட்டிவிட்டால், நாம் எங்கிருந்து சுடுகிறோம் என்று எதிராளியின் மெப்பில் காட்டாது. “சப்ரெசர் மிச்சம் இருக்கா மச்சான், ஒண்டு போடு” என்ற குரலை இஷாவுக்குப் பிறகு எந்தக் கடைத் திண்ணையிலும் கேட்கலாம்.

சில வாரங்களுக்கு முதல் எங்கட வட்டத்துத் தம்பி ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு சின்ன வீடியோ போட்டான். அமெரிக்காவில் ஒரு துவக்குக் கடை. கடைக்காரர் ஒரு கைத்துப்பாக்கியை எடுக்கிறார். குழல் வழமையைவிட அரை விரல் வெளியே நீண்டிருக்கிறது. முனையில் இருக்கிற சின்ன வளையத்தைச் சுழற்றிக் கழற்றுகிறார். அடியில் மரை. போத்தல் மூடியைத் திருகுகிற மாதிரி ஒரு சைலன்சரை அதில் திருகிப் பூட்டுகிறார். கம்பனியிலேயே மரை போட்டுத்தான் வருகிறதாம். வீடியோவுக்குக் கீழே தம்பி எழுதியிருந்தான்: “இதெல்லாம் நம்மட நாட்டுல ஏன் இல்ல?”

“இருந்தா முதல்ல யாரச் சுடுவாய்?” என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் கேள்வி அப்படியே கிடந்தது. அவனுக்கு ஒழுங்கான பதில் ஒன்று கொடுக்க வேண்டும் என்று பேசிப் பேசி வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சாமானைப் பற்றி. பைக் சைலன்சரும் துவக்குச் சைலன்சரும் ஒரே குடும்பம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஹிரம் பெர்சி மெக்சிம் என்ற அமெரிக்கர் 1909இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரங்களின் சத்தத்தை அடக்கும் குழாய்களைச் செய்தவரும் அவரேதான். சூடான வாயு ஒரேயடியாக வெளியே பாயும்போதுதான் சத்தம் வெடிக்கிறது. அதைச் சின்னச் சின்ன அறைகளுக்குள் சுற்றவிட்டு, ஆறவிட்டு, மெதுவாக வெளியே அனுப்பினால் சத்தம் குறையும். எஞ்சினுக்கும் துவக்குக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். இவருடைய தகப்பன் ஹிரம் ஸ்டீவன்ஸ் மெக்சிம்தான் ‘மெக்சிம் கன்’ என்ற இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். 1898இல் சூடானின் ஒம்துர்மானில் மஹ்தி இயக்கத்தின் படையை ஆயிரக்கணக்கில் கொன்று விழுத்தினபோது பிரித்தானியப் படையிடம் இருந்த துவக்கு அது.

மகன் செய்த சாமான் ஆரம்பத்தில் கடையில் சும்மா விற்கப்பட்டது. 1934இல் அமெரிக்கா தேசிய துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்து, சைலன்சரையும் இயந்திரத் துப்பாக்கியையும் பதிவுக்குள் எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் 200 டொலர் வரி. அந்தக் காலத்து 200 டொலர் இன்றைக்கு 4,000 டொலருக்கு மேல். சாதாரண ஆள் வாங்கக்கூடாது என்பதற்காகவே வைத்த விலை. ஆனால் அந்த 200 என்ற எண்ணை யாரும் கூட்டவில்லை. பணத்தின் பெறுமதி இறங்க இறங்க, தடையாக இருந்த வரி ஒரு சின்னக் கட்டணமாகிப் போனது.

மரை போட்ட கைத்துப்பாக்கியின் சந்தை இந்த ஓட்டையால்தான் வளர்ந்தது. 1990களில் அமெரிக்க விசேட படைகளுக்காக ஜெர்மனியின் ஹெக்லர் அன்ட் கோக் கம்பனி ‘மார்க் 23’ என்ற கைத்துப்பாக்கியை, சைலன்சர் பூட்டுவதை மனதில் வைத்தே செய்தது. அதே காலத்தில் வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு கைத்துப்பாக்கியைத் ‘தாக்குதல் ஆயுதம்’ என்று வகைப்படுத்துவதற்கான அடையாளங்களில் ஒன்றாக மரைக்குழலையும் சேர்த்தது. 2004இல் அந்தச் சட்டம் காலாவதியானது. புதுப்பிக்கவில்லை. கலிபோர்னியா மாதிரிச் சில மாநிலங்களில் இன்றைக்கும் தடை இருக்கிறது. மற்ற இடங்களில் க்ளொக், சிக் சவர், பெரெட்டா, வால்தர், ரூகர் என்று பெயர் தெரிந்த கம்பனிகள் எல்லாம் மரைக்குழல் மொடல்களைத் தங்கட பட்டியலில் வைத்திருக்கின்றன.

இதில் இருக்கிற வியாபாரக் கணக்கைக் கவனியுங்கள். மரை என்பது தனியாக ஒன்றும் செய்யாது. அது அடுத்த சாமானுக்கு விட்டு வைத்த இடம். வீடு கட்டும்போதே மேல் மாடிக்குக் கம்பி நீட்டி வைக்கிற மாதிரி. இன்றைக்குக் காசு இல்லாவிட்டாலும், அந்தக் கம்பியைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் மேல் மாடி ஞாபகம் வரும். மரைக்குழல் வாங்குகிற எல்லாரும் சைலன்சர் பூட்டுவதில்லை. மூடி வளையத்தைப் போட்டே வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கம்பனி விற்பது ‘ஒரு நாளைக்குப் பூட்டலாம்’ என்ற எண்ணத்தை. கூட உயரமான குறிபார்க்கும் முள், கூடுதல் மகசின், பை என்று ஒரு சாமானுக்குப் பின்னால் பத்துச் சாமான் வரும். இப்போது அந்த எண்ணம் இன்னும் மலிந்துவிட்டது. 2025 ஜூலை 4இல் ட்ரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான 200 டொலர் வரி பூச்சியமாகியிருக்கிறது. பதிவும் கைரேகையும் மட்டும்தான் மிச்சம்.

இனி, மறுபக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தம்பி எங்களை நம்பமாட்டான், நம்பவும் கூடாது.

படத்தில் வருகிற மாதிரி சைலன்சர் ‘புஸ்’ என்று சத்தம் போடுவதில்லை. 2017இல் வந்த ஜோன் விக் இரண்டாம் பாகத்தில், நிறைந்த ரயில் நிலையத்துக்குள் இரண்டு பேர் சைலன்சர் போட்ட கைத்துப்பாக்கிகளால் மாறி மாறிச் சுட்டுக்கொண்டு நடப்பார்கள். பக்கத்தில் போகிற ஒருவருக்கும் கேட்காது. பார்க்கச் சோக்கான காட்சி, ஆனால் பொய். 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியின் சத்தம் கிட்டத்தட்ட 160 டெசிபல். நல்ல சைலன்சர் பூட்டினாலும் 130ஐச் சுற்றி நிற்கும். பக்கத்தில் நிற்கிறவனின் காது அடைக்கிற சத்தம்தான் அது. வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுக்காரர்களும் காதைக் காப்பாற்றத்தான் இது வேண்டும் என்கிறார்கள். அது உண்மை. நோர்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைத் துவக்கில் சைலன்சர் பூட்டுவது மிகச் சாதாரணம். அங்கே அதற்காகத் தெருவில் ஆட்கள் செத்து விழவில்லை. அமெரிக்காவிலும் இதை வாங்குகிறவர்களில் அதிகம் பேர் யாரையும் சுடப் போவதில்லை.

ஆனால் நாம் பேசுவது வேட்டைத் துவக்கைப் பற்றி அல்ல. இடுப்பில் மறைத்து வைக்கக்கூடிய கைத்துப்பாக்கியைப் பற்றி. அதில் பூட்டுகிறபோது கதை மாறுகிறது.

2019 மே 31. அமெரிக்காவின் வேர்ஜினியா பீச் நகரசபைக் கட்டடம். அங்கேயே வேலை செய்த பொறியியலாளர் ஒருவர் இரண்டு .45 கைத்துப்பாக்கிகளோடு வந்து 12 பேரைக் கொன்றார். ஒன்றில் சைலன்சர் பூட்டியிருந்தது. எல்லாம் சட்டப்படி வாங்கினவை. உயிர் தப்பினவர்களில் சிலர், ஆணியடிக்கிற மெஷின் சத்தம் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். திருத்த வேலை நடக்கிறதாக்கும் என்று இருந்திருக்கிறார்கள். சத்தம் இல்லாமல் போகவில்லை. அது துவக்குச் சத்தம் என்று விளங்கவில்லை, அவ்வளவுதான். கதவைப் பூட்டலாமா, மேசைக்குக் கீழே படுக்கலாமா, மற்றப் பக்கத்துப் படியால் ஓடலாமா என்று முடிவெடுக்கிற அந்தச் சில விநாடிகள் சந்தேகத்திலேயே போய்விடும். எத்தனை உயிர் அதனால் போனது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் சுடுகிறவனுக்கு லாபமாகிற அந்த விநாடிகள், சுடப்படுகிறவனிடமிருந்து எடுத்தவை.

அந்தத் திகதியை இன்னொரு தடவை பாருங்கள். எங்கட சாய்ந்தமருதில் அந்த வீடு வெடித்தது 2019 ஏப்ரல் 26 இரவு. அதற்குச் சரியாக 35 நாள் கழித்து வேர்ஜினியா பீச். நாங்கள் வீட்டுக்குள் முடங்கி, சோதனைச் சாவடிகளுக்கும் பயந்து, ஊரடங்கும் நோன்புமாக இருந்த அந்த நாட்களில், எங்களில் யாருக்கும் வேர்ஜினியா செய்தி காதில் விழுந்திருக்காது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோதுதான் சத்தம் என்பது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

யுத்த காலத்தில் எங்கட வாப்பாமாரிடம் ரேடாரும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. காதுதான் இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், ஒற்றை வெடியா தொடர் வெடியா என்று பார்த்துத்தான் விளக்கை அணைப்பதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடுவதா என்று முடிவெடுத்தார்கள். தமிழ் ஊர்களிலும் இதே கதைதான், ஓடுகிற இடம் மட்டும் கோவில் அல்லது தேவாலயம். துவக்கு வைத்திருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் இருந்த ஒரே உதவி அந்தச் சத்தம். அதையும் திருடுகிற சாமானை விளையாட்டுச் சாமானாகப் பார்க்க எங்களால் முடியவில்லை.

தம்பியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அது அவனுடையது மட்டும் அல்ல, எங்கட சமூகத்தின் பழைய கேள்வி: “மற்றவனிட்ட துவக்கு இருக்கக்குள்ள நம்மட்ட ஏன் இல்ல?” 1990இல் இந்தக் கேள்வியை இங்கே கேட்காத வீடு இல்லை. அந்த வருடம் ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளின் கைக்குப் போயின. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் ஷஹீதானார்கள். ஒரு கிழமை கழித்து ஓகஸ்ட் 11 இரவு ஏறாவூர். அப்படியான ஒரு மாதத்தில் “எங்களுக்கும் துவக்குத் தாங்க” என்று கேட்டவர்களை, ஏசி அறையில் இருந்துகொண்டு குறை சொல்ல எங்களுக்கு அருகதை இல்லை. அரசாங்கமும் கொடுத்தது. ஊர்காவல் படை என்ற பெயரில் எங்கட இளைஞர்கள் துவக்குத் தூக்கினார்கள். இரவிரவாக ஊரின் எல்லையில் காவல் நின்றார்கள். அவர்களால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் இருக்கின்றன.

ஆனால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். ஓகஸ்ட் 12, ஏறாவூருக்கு அடுத்த நாள், சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் பிள்ளையார் கோவிலில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினர் அதில் பங்கெடுத்தார்கள் என்று உயிர் தப்பினவர்கள் இன்றுவரை சொல்லி வருகிறார்கள். காத்தான்குடியை ஒவ்வொரு ஓகஸ்டிலும் நாங்கள் நினைவுகூருகிறோம். வீரமுனையைப் பற்றி எங்கட மேடைகளில் ஒரு வார்த்தை வருவதில்லை. பாதுகாப்புக்கென்று வந்த துவக்கு, வேறு யாருடையவோ பிள்ளைகளின் பக்கம் திரும்பியது. துவக்கு எந்தப் பக்கத்தில் இருந்தாலும் இதைச் செய்யும் என்பதற்கு எங்களுக்கு அமெரிக்க உதாரணம் தேவையில்லை. எங்கட மாவட்டத்திலேயே இருக்கிறது.

இந்த நாட்டில் கொலைகாரனுக்குச் சைலன்சர் பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. அதைவிட நல்ல ஒன்று பத்திரிகைப் பக்கங்களில் இருந்தது: ‘இனந்தெரியாத துப்பாக்கிதாரிகள்’. எங்கட வயதுக்காரர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினபோதே இந்தச் சொல்லை வாசித்துவிட்டோம். 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள், சபை நிறைந்திருக்க, பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும் அந்தச் சத்தம்? சந்தேக நபர்களுக்கு எதிரான வழக்கைச் சட்டமா அதிபர் கொண்டு நடத்தாமல் விட, 2021 ஜனவரியில் அவர்கள் விடுதலையானார்கள். 2006 நவம்பர் 10 காலையில், கொழும்பில், எல்லாரும் வேலைக்குப் போகிற நேரத்தில் நடராஜா ரவிராஜ் சுடப்பட்டார். 2016இல் ஜூரி எல்லாரையும் விடுவித்தது. துவக்குச் சத்தம் ஊருக்கே கேட்டும், சுட்டவன் யாரென்ற சத்தம் வெளியே வரவில்லை.

சுட்டவன் யாரென்று தெரியாதபோது என்ன நடக்கும் என்பதற்கு வவுணதீவு ஒன்றே போதும். 2018 நவம்பர் 30 அன்று அங்கே சோதனைச் சாவடியில் நின்ற இரண்டு பொலிசாரைக் கொன்று ஆயுதங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். உடனே ஒரு முன்னாள் புலி உறுப்பினரைப் பிடித்து மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகுதான் அது சஹ்ரானின் கும்பல் செய்த வேலை என்று வெளிவந்து, அந்த மனிதர் விடுதலையானார். இருட்டில் ஒரு துவக்கு சுட, பகலில் ஒரு இனமே குற்றவாளியாகிறது. முதலில் தமிழன். சில மாதம் கழித்து முஸ்லிம். அந்தக் கிழமைகளில் எங்கட வீடுகளில் குர்ஆன் தர்ஜுமாவைக்கூட ஒளித்து வைத்த உம்மாமார் இருக்கிறார்கள்.

அதே நேரம் சாய்ந்தமருதில் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களைச் சந்தேகப்பட்டு வாய் திறந்து சொன்னவர்கள் யார்? எங்கட ஊர் மக்கள். அந்த இரவில் 6 பிள்ளைகள் உட்பட 15 உடல்கள் அந்த வீட்டிலிருந்து எடுக்கப்பட்டன. யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வெடி எந்தச் சந்தையில், எந்தப் பள்ளிவாசலில், எந்தக் கோவிலில் வெடித்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. அங்கே ஊரைக் காப்பாற்றினது ஒரு துவக்கு அல்ல. சத்தம் போட்ட அயலவர்கள்.

சரி, ‘நம்மட நாட்டுல ஏன் இல்ல?’ சட்டத்தில் பதில் இருக்கிறது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. வேளாண்மையைக் காப்பாற்ற ஒரு சொட்கன், உயிர் அச்சுறுத்தல் உள்ளவருக்குத் தற்பாதுகாப்புக்கு ஒன்று என்று காரணம் காட்ட வேண்டும், மாவட்டச் செயலகம், பாதுகாப்பு அமைச்சு என்று படியேற வேண்டும். 1996 திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கச் சொன்னது. ஆசைப்பட்டவன் கடைக்குப் போய்த் திருகிப் பார்த்து வாங்குகிற சந்தை இங்கே இல்லை. இந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த நல்ல விசயங்கள் கொஞ்சம்தான். இது அதில் ஒன்று என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் சந்தையே இல்லை என்று சொன்னால் அது பொய். கடை இல்லாத சந்தை ஒன்று இருக்கிறது. பொலிஸ் செய்திகளில் ‘உள்நாட்டுத் தயாரிப்பு’, ‘வெளிநாட்டுத் தயாரிப்பு’ என்று பிரித்து எழுதுவார்களே, அந்தப் பிரிவே ஒரு விலைப்பட்டியல்தான். 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், உள்ளே குடைந்த சட்டப் புத்தகத்தில் கொண்டுவரப்பட்ட ரிவோல்வரால் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டான். நீதவான் முன்னிலையில். அதே மாதம் ஜனாதிபதி பாராளுமன்றத்தில், இராணுவ முகாம் ஒன்றிலிருந்து மட்டும் 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அமெரிக்காவில் கம்பனி விற்கிறது. இங்கே அரசாங்கத்தின் களஞ்சியமே கசிகிறது. அங்கே பற்றுச்சீட்டு இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

அதனால் எங்கட பதில் ‘சட்டம் இருக்கிறது, பேசாமல் இரு’ என்பது அல்ல. நாங்கள் கேட்பது மூன்று விசயம்.

ஒன்று, எண்ணிக்கை. இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தற்பாதுகாப்புத் துப்பாக்கி கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது, அதில் அரசியல்வாதிகள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு வருடமும் வெளியே வர வேண்டும். பெயர் கேட்கவில்லை, எண் கேட்கிறோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அம்பாறை மாவட்டச் செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது ஃப்ரீ ஃபயரில் ஒரு ஆட்டத்தைவிடக் கொஞ்சம்தான் கூட நேரம் எடுக்கும். நாங்கள் எழுதப் போகிறோம், சேருகிறவர்கள் சேரலாம். முகாம்களில் இருக்கிற ஆயுதங்களுக்கும் யாராவது வெளியாள் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டு, வேளாண்மைக்காரன். யானை வயலுக்குள் இறங்குகிற கிராமத்தில், இரவில் பரணில் இருக்கிறவனின் பயம் உண்மையான பயம். அவனுக்கு ஒழுங்கான மின்வேலியும், நேரத்துக்கு வருகிற வனஜீவராசி உத்தியோகத்தரும் கிடைக்காவிட்டால், கட்டுத்துவக்குச் செய்கிறவனைத்தான் தேடிப் போவான். பயத்தைத் தீர்க்காமல் துவக்கை மட்டும் பறித்தால் சந்தை நிலத்துக்குக் கீழே போகும், அவ்வளவுதான். 1990க்கும் இதுதான் பாடம். எங்கட ஊர்களைக் காக்க வேண்டிய அரசு காக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் துவக்கு வந்தது.

மூன்று, நாங்கள். கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் ஒரு பக்கம் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறுபக்கம் எங்கட ஆட்கள் எதிர்ப்புச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒலிபெருக்கி, பதாகை, மகஜர், முகநூலில் தூசணம், எல்லாம் நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆனால் அந்த நாட்களில், உயிர்த்த ஞாயிறின் புண் ஆறாத அந்த நாட்களில், பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் இடுப்புக்கு ஒரு பிஸ்டல் வீதம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எங்கட சண்டை சத்தத்தோடு நின்றதற்குக் காரணம் நாங்கள் நல்லவர்கள் என்பது மட்டும் அல்ல. கையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை என்பதும்தான். அந்த நிலைமையைக் காப்பாற்ற வேண்டும். அதோடு, வீரமுனைக்குப் போய் அந்த வயதானவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்க வேண்டும். காத்தான்குடியில் எங்களுக்கு வேண்டும் என்று கேட்கிற நீதியை அவர்களுக்கும் கேட்காமல் விட்டால், நாங்கள் கேட்பது நீதி இல்லை.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் நேரில் சொன்னோம். முழுக்கக் கேட்டான். “நான் சும்மா வடிவா இருக்கெண்டுதானே போட்டேன் காக்கா” என்றான். அதுவும் உண்மைதான். அந்தச் சாமான் வடிவாகத்தான் இருக்கிறது. வடிவாக இருந்தால்தான் விற்கும். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வீரமுனைக் கதைய வாப்பா எனக்குச் சொல்லவே இல்லயே” என்றான்.

வாப்பாவிடம் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் எழுதுகிறோம். அவனுடைய பைக் சைலன்சரை இன்னும் மாற்றவில்லை. வருகிற பெருநாளைக்கும் மூத்தம்மாமார் திட்டத்தான் போகிறார்கள். திட்டட்டும். தெருவில் அவன்தான் வருகிறான் என்று எல்லாருக்கும் தெரிகிறதே.